கர்ப்பப்பை இறக்கமும் ஒரு பயாப்சியும்

மக்களே, இது கொஞ்சம் கூச்சமான சமாச்சாரம். பொட்டி தட்டுற பயலுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கறவங்க இப்பவே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம் :-)

கர்ப்பப்பை இறக்கம் கேள்விப்பட்டிருப்பீங்க. ஊர்ப்பக்கம் 'அடி தள்ளுது'ன்னு பொம்பளைங்க தங்களுக்குள்ள முணுமுணுத்துக்குவாங்க. அடுத்தடுத்த பிரசவம், வயசு, பாரம் தூக்கற வேலை எல்லாம் சேர்ந்து இடுப்புக்குழித் தசை தளர்ந்து, கர்ப்பப்பை கீழ இறங்கிடும். முத்திப்போனா அதோட வாய் உடம்புக்கு வெளியவே வந்துடும். கையால உள்ள தள்ளிவிட்டு, துணியை வச்சுக் கட்டிக்கிட்டு, வருஷக்கணக்கா களையெடுக்கப் போனவங்க இருக்காங்க. புருஷனுக்கும் தெரியாது, பெத்த புள்ளைக்கும் தெரியாது.

நான் சொல்ல வர்றது இதுதான்: இறக்கத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்கறதுக்கு முன்னாடி, வாய்ப்பகுதியில புற்றுநோய் இருக்கான்னு பார்த்தே ஆகணும். புண்ணு இருந்தா பயாப்சி. இல்லைன்னா பேப் ஸ்மியராவது, ஹெச்.பி.வி. டெஸ்டாவது.

வெளிய தொங்கற சதை துணியில உரசிப் புண்ணாகும். ரத்தம் கசியும், நாத்தம் அடிக்கும். பெரும்பாலும் அது வெறும் உரசல் புண்ணுதான். ஆனா புற்றுப்புண்ணும் ஆரம்பத்துல அப்படியேதான் இருக்கும். வெறும் கண்ணால பிரிச்சுச் சொல்ல முடியாது. மத்தவங்களுக்குக் கருவி வச்சு விரிச்சுப் பார்க்கவேண்டிய இடம், இவங்களுக்குக் கண்ணு முன்னாடியே கிடக்கு. அப்பவும் கோட்டை விடறோம்னா என்ன சொல்ல?

எங்க சொந்தத்துல ஒரு அத்தைக்கு இதுதான் நடந்துச்சு. "இறக்கம்தானே, எடுத்துடலாம்மா"ன்னு ஒரு நர்சிங் ஹோம்ல எடுத்துட்டாங்க. எடுத்ததை லேபுக்கு அனுப்பினப்புறம்தான் புற்றுநோய்னு ரிப்போர்ட் வந்தது.

அதான் மொத்தமா எடுத்தாச்சேன்னு தோணும். இல்லைங்க. ரொம்ப ஆரம்ப நிலையா இருந்தாதான் அது போதும். அதைத் தாண்டிடுச்சுன்னா கர்ப்பப்பையைச் சுத்தியிருக்கற திசு, யோனியோட மேல்பகுதி, நெறிகட்டுற முடிச்சுகள்னு சேர்த்து எடுக்கற பெரிய ஆபரேஷன் வேணும். ரேடியேஷன் குடுக்கறப்பவும் கர்ப்பப்பைக்குள்ளயே ஒரு குழாயை வச்சு, பக்கத்துலேர்ந்து கதிர் பாய்ச்சறது முக்கியமான பங்கு. கர்ப்பப்பையே இல்லைன்னா குழாயை எங்க வைக்கறது? நாங்க டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் விட்டா மறுநாள் பேட்ச் போட்டு ஒப்பேத்திடுவோம். உடம்புக்கு அது நடக்காது.

முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் வைத்தியம் சுலபம்னு சொல்ல வரலை. கர்ப்பப்பை முழுசா வெளிய வந்துட்டா மூத்திரப்பையும், சிறுநீரகத்துலேர்ந்து வர்ற குழாய்களும் சேர்ந்து கீழ இழுபடும். கத்தி வைக்கறவருக்கு வழக்கமான இடத்துல எதுவும் இருக்காது. நோய் முத்தியிருந்தா ரேடியேஷனோட சிஸ்பிளாட்டின் மருந்து. அதுக்கு முதல்ல இறங்கினதை உள்ள தள்ளி, ரிங்கோ துணி அடைப்போ வச்சு நிறுத்தணும். இல்லைன்னா குறி தினம் ஒரு இடத்துல இருக்கும். இந்த ரெண்டு வியாதியும் சேர்ந்து வர்றது அபூர்வம். மருத்துவ இதழ்கள்ல ஒரு நோயாளி, ரெண்டு நோயாளி பத்தின குறிப்புகள்தான் அதிகம். அதனால இதுக்கு ஒரே சூத்திரம் கிடையாது. புற்றுநோய் அறுவை, கதிர்வீச்சு டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் சரி.

2022 கணக்குப்படி இந்தியாவுல அந்த ஒரு வருஷத்துல சுமார் 1.27 லட்சம் பேருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதுசா வந்திருக்கு. செத்தவங்க கிட்டத்தட்ட 80 ஆயிரம். இத்தனைக்கும் நம்ம திண்டுக்கல் மாவட்டத்துலயே, வினிகர் தடவிப் பார்க்கற சாதா பரிசோதனையை நர்சுகளை வச்சு ஒரே ஒரு தடவை செஞ்சதுல சாவு 35 சதவீதம் குறைஞ்சதுன்னு 2007-ல லான்செட் இதழ்லயே வந்தது. ஆனா அது 30-லேர்ந்து 59 வயசு வரைக்கும். 2016-ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதலும் 65-ஓட நிறுத்திக்குது. இறக்கம் முத்தி வர்ற பாட்டிங்க நிறைய பேரு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறாங்க. மாதவிடாய் நின்னவங்களுக்கு வினிகர் சோதனை அவ்வளவு நம்பகமும் இல்லை.

உங்க அம்மா, மாமியார், பெரியம்மா யாருக்காவது இறக்கத்துக்கு ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா, டாக்டர்கிட்ட "வாய்ப்பகுதியை டெஸ்ட் பண்ணியாச்சா, ரிப்போர்ட் எங்க?"ன்னு கேளுங்க. உங்களுக்குக் கூச்சமா இருந்தா வீட்டம்மாவை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. டாக்டர் முறைச்சா முறைக்கட்டும்.