தளபதிக்கு வாய்க்காத படம்

ஜோர்ஜ் வாஷிங்டனுக்குப் புகைப்படம் கிடையாது. அவர் 1799ஆம் ஆண்டு டிசெம்பர் 14ஆந் திகதி காலமானார். பிரான்சு தேசத்து டாகேர் என்பவரின் படம் பிடிக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இலேதான். இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆகவே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் சனாதிபதியை நாம் ஓவியர்களின் கண்கொண்டே காண்கிறோம். அந்நாட்டு ஒரு டொலர்த் தாளில் உள்ள முகமும் கில்பேர்ட் ஸ்டுவார்ட் என்னும் ஓவியர் தீட்டிய படத்தைத் தழுவியதே. ஆனால் வாஷிங்டனின் சேனையில் முரசு கொட்டிய சிறுவன் ஒருவனுக்குப் புகைப்படம் உண்டு. தளபதிக்கு வாய்க்காதது முரசுக்காரப் பையனுக்கு வாய்த்தது. அவன் நெடுங்காலம் உயிரோடிருந்தான் என்பதே காரணம்.

அப்படம் 1864இல் வெளியான ஒரு சிறு நூலில் இருக்கிறது. 'புரட்சியின் கடைசி மனிதர்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். கனெக்டிகட் மாநிலத்துப் போதகர் எலியாஸ் ஹில்லார்ட் அதனை எழுதினார். ஹாட்போர்ட் நகரத்து மூர் சகோதரர் பிரசுரித்தனர். 1775 முதல் 1783 வரை பிரித்தானியரோடு நடந்த சுதந்திர யுத்தத்திற் பங்குகொண்டு, அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று வாழ்ந்திருந்த அறுவரின் படங்களும் வரலாறும் அதில் அடங்கும். அறுவருள் ஏறக்குறைய எல்லோரும் தமக்கு நூறு வயது கடந்துவிட்டதெனச் சொன்னவர்கள்.

ஹில்லார்ட் சார்ந்திருந்த கொங்கிறிகேஷனல் சபை நம்மவர்க்குப் புதியதன்று. 1816இல் இலங்கைக்கு வந்து தெல்லிப்பழையிலும், பின் வட்டுக்கோட்டையிலும் கல்வி வளர்த்த அமெரிக்க மிஷனரிமாரிற் பலர் அந்த நியூ இங்கிலாந்துச் சபைகளிலிருந்தே வந்தவர்கள். மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் போதித்த கிறீன் வைத்தியரும் அப்பகுதியினரே. இக்கிழவர்கள் படத்துக்கு அமர்ந்த ஆண்டில் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

அக்காலத்திலே புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்கும் முறை வழக்கில் இல்லை. ஆதலால் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே கடதாசியிற் பதித்து, ஒவ்வொரு பிரதியிலும் கையாலே ஒட்டினார்கள். படமெடுப்பதும் இலேசான காரியமன்று. வினாடிக்கணக்கில் அசையாது அமர்ந்திருக்கவேண்டும். இளைஞரே இமை கொட்டிப் படத்தைக் கெடுத்துக்கொண்ட காலம் அது. நூறு வயதுக் கிழவர்களை அப்படி இருத்தி வைத்ததை நினைக்கும்போது, படப்பிடிப்பாளரின் பொறுமையை மெச்சுவதா, கிழவர்களின் பொறுமையை மெச்சுவதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அறுவருள் சாமுவேல் டவுனிங் என்பவரின் கதை சுவையானது. சிறு வயதிலே, இராட்டினம் செய்யும் தொழில் பழக்குவதாகச் சொல்லி ஒருவர் அவரைப் பெற்றோரிடமிருந்து தூர ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். சில ஆண்டுகள் அங்கே உழைத்தபின், 1780இல் எசமானுக்குத் தெரியாமல் ஓடிப்போய்ப் படையிற் சேர்ந்தார். ஆள் மிகச் சிறியவன் என்று முதலிலே தயங்கினார்களாம். யுத்தத்தின் பின் நியூயோர்க் மாநிலத்துக் காட்டைத் திருத்திக் கமக்காரராக வாழ்ந்தார். தமக்கு நூறு வயது நிறைந்ததெனக் கொண்டாடிய நாளிலே, கூடிநின்ற சனங்களின் முன்னே கோடரி எடுத்து ஒரு மரத்தை வெட்டி வீழ்த்தினார். வாஷிங்டனை நேசித்தோம், ஆனால் அவர் சிரித்ததைக் கண்டதில்லை என்பது அவர் சொன்ன சாட்சியம். ஸ்டுவார்ட்டின் ஓவியத்திலே இறுக மூடியிருக்கும் அந்த வாயைப் பார்ப்பவர் இதை எளிதில் நம்புவர்.

டானியேல் வால்டோ என்பவர் 1779இல் பிரித்தானியரிடம் சிறைப்பட்டு, நியூயோர்க் நகரிலே சிறைச்சாலையாக மாற்றப்பட்ட சீனிக் கிடங்கொன்றில் அடைபட்டிருந்தார். பின்னர் கல்வி கற்றுப் போதகரானார். தொண்ணூறு வயதைத் தாண்டியபின், 1856இல், பிரதிநிதிகள் சபையின் குருவாக நியமிக்கப்பட்டார். அங்கே உறுப்பினர் அடிமை முறையைப் பற்றி ஒருவரோடொருவர் மல்லுக்கட்டிய காலம் அது. தாம் சிறையிருந்து பெற்ற நாடு பிளவுபடுவதை அவர் அந்த மண்டபத்திலிருந்தே கண்டிருப்பார்.

முரசுக்காரப் பையன் அலெக்சாண்டர் மிலினர். விடியற்காலையில் முரசு கொட்டி முடித்ததும் தளபதி வந்து தம் தலையைத் தடவிக் கொடுப்பார் என்று அவர் கூறினார். கடுங்குளிரான ஒரு காலையிலே தமது குப்பியிலிருந்து ஒரு மிடறு குடிக்கவும் கொடுத்தாராம். அவர் பெயர் சொன்ன போர்க்களங்களோ பல. நம் காலத்து ஆய்வாளர் டொன் ஹகிஸ்ட் இந்த அறுவரின் கதைகளையும் பழைய உபகாரச் சம்பளப் பத்திரங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். வயதுகளும் சண்டைகளும் பல இடங்களிலே பொருந்தவில்லை என்பது அவர் முடிபு. மிலினர் தாம் சொன்ன களங்கள் எல்லாவற்றிலும் நின்றிருக்க இயலாது.

இதனால் அவர்களைப் பொய்யர் என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. எண்பது ஆண்டுகளாகத் திண்ணையிலும் திருவிழாவிலும் சொல்லப்பட்ட கதை, கேட்போர் விரும்பும் பக்கமாகவே வளரும். ஹில்லார்ட்டும் அப்படிக் கேட்கப் போனவரே. அவர் பயணம் செய்தது 1864ஆம் ஆண்டு கோடையில். தென் மாநிலங்கள் பிரிந்துபோய், 1861 ஏப்ரிலிலே தொடங்கிய உள்நாட்டு யுத்தம் நான்காம் ஆண்டில் நின்றது. ஒவ்வொரு ஊரிலும் மரணச் செய்தி வந்துகொண்டிருந்தது. நாட்டைப் படைத்தவர்கள் இந்த யுத்தத்தைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதே அவருடைய கேள்வி. கிளர்ச்சி அடக்கப்படவே வேண்டும் என்று லெமுவேல் குக் என்னும் முதியவர் விடையளித்தார். 1781இல் யோர்க்டவுனிலே பிரித்தானியச் சேனை சரணடைந்தபோது அங்கிருந்தவர் அவர். டவுனிங்கும் அதே கட்சியே. அறுவரும் வட மாநிலங்களிலே வாழ்ந்தவர்கள் என்பதை வாசிப்போர் மறத்தலாகாது.

அம்முதியவர்களின் ஆயுளுக்குள் அந்நாடு எவ்வளவு மாறிற்று என்பதற்கு மாணவர் இரண்டு எண்களை மனத்திற் கொண்டாற் போதும். 1790இல் எடுத்த முதற் குடிசன மதிப்பிலே அமெரிக்காவின் முழுச் சனத்தொகை 39 இலட்சத்து 29 ஆயிரம். 1860இல் எடுத்த மதிப்பிலே அடிமைகளின் தொகை மட்டும் 39 இலட்சத்து 53 ஆயிரம். வாஷிங்டன் சனாதிபதியாகி ஆண்ட மக்கள் அனைவரிலும் கூடுதலானோர், எழுபது ஆண்டுகளின் பின் அதே நாட்டில் விலைப்பொருளாக இருந்தனர். 1790இல் அடிமைகள் ஏறக்குறைய 7 இலட்சம் பேரே. 1793இல் எலி விட்னி பருத்திக் கொட்டையைப் பிரிக்கும் பொறியைச் செய்தார்; பருத்திப் பயிர் தெற்கெங்கும் பரந்தது; தானே தேய்ந்து மறையும் என்று சிலர் நம்பியிருந்த அடிமை முறை தழைத்துவிட்டது. குக்கும் டவுனிங்கும் வாழ்ந்த நியூயோர்க் மாநிலத்திலேயே 1827 வரை அடிமைகள் இருந்தனர். கிழவர்கள் அடக்கச் சொன்ன கிளர்ச்சி எங்கிருந்தோ புதிதாக வந்ததன்று. அவர்கள் வென்ற நாளிலேயே தீர்க்காமல் விட்ட வழக்கு அது. பேரர் காலத்திலே, 6 இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களை விலையாகக் கேட்டது.

அந்த நூலிலே ஒட்டப்படாத படங்களையும் நாம் நினைக்கவேண்டும். சுதந்திர யுத்தத்திலே அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட கறுப்பு இனத்தவர் ஐயாயிரம் பேரளவில் என்பது சரித்திர ஆசிரியர் பலர் கொள்ளும் கணக்கு. ரோட் ஐலண்ட் மாநிலம் 1778இலே அடிமைகளுக்கு விடுதலை வாக்களித்து ஒரு படையணியிற் சேர்த்தது. அவர்களுள் ஒருவர் முகமும் இந்த அறுவரிடையே இல்லை. உபகாரச் சம்பளத்துக்குப் பத்திரம் வேண்டும், சாட்சி வேண்டும், எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். இவையெல்லாம் ஒருங்கே வாய்த்து, நூறு வயது வரை உயிரும் நிலைத்தவர்க்கே மூர் சகோதரரின் கருவிக்கு முன்னே அமரும் பேறு கிட்டியது. வெள்ளையருள்ளும் விடுபட்டோர் உண்டு. 'கடைசி மனிதர்கள்' என்று நூல் வெளிவந்த பின்னரும் ஜோன் கிறே, டானியேல் பேக்மன் என இருவர் இருந்தனர். 1867இலே காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றியே அவர்களுக்குச் சம்பளம் வழங்கிற்று. 1869இல் இறந்த பேக்மனே அந்த இடாப்பின் கடைசிப் போர்வீரர்.

படத்திலிருந்த அறுவருள் வால்டோ அவ்வாண்டு யூலையிலும், ஒகையோ மாநிலத்து ஆடம் லிங்க் ஓகஸ்டிலும் இறந்தனர். மிலினர் 1865இல், யுத்தம் முடிய ஒரு மாதம் இருக்கையில் மறைந்தார். அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசெம்பரில் நிறைவேறியபோது குக், டவுனிங், ஹட்சிங்ஸ் என்னும் மூவரே எஞ்சியிருந்தனர்.

வில்லியம் ஹட்சிங்ஸ் மேயின் மாநிலத்தவர். பதினைந்து வயதிலே படையிற் சேர்ந்து பிரித்தானியரிடம் பிடிபட்டவர். பச்சைப் பிள்ளை என்று இரங்கி அவரை அவர்கள் விட்டுவிட்டனர். 1865 யூலை 4ஆந் திகதி, உள்நாட்டு யுத்தம் ஓய்ந்தபின் வந்த முதற் சுதந்திர தினத்துக்கு, பாங்கோர் நகரத்தார் அவரை அழைத்தனர். அரசாங்கக் கப்பலொன்று அவரைப் பெனோப்ஸ்கொட் ஆற்று வழியே ஏற்றிச் சென்றது. ஆற்றங்கரைக் கோட்டையைக் கப்பல் கடக்கும்போது, அவருக்கு மரியாதையாகப் பீரங்கிகள் முழங்கின. அடுத்த ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி அவரும் காலமானார்.