வருகிறேன் என்று சொல்லி விட்டு கம்பி நீட்டலாமா?

மேல்மலையனூரில் அமாவாசை என்றால் கேட்க வேண்டுமா? இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். பஸ் பஸ்சாக ஜனங்கள் வந்து இறங்குவார்கள். கோவிலைச் சுற்றிக் கடை போட்டிருப்பவர்கள் இந்த ஒரு ராத்திரிக்காகத்தான் மாதம் பூராவும் காத்துக் கிடக்கிறார்கள்.

அப்படி ஒரு கடைக்காரர் என்று வைத்துக் கொள்ளுங்கள். "அமாவாசைக்கு மொத நாளே வந்துடறேன் அண்ணே" என்று ஒரு வாலிபர் அடித்துச் சொல்கிறார். அதை நம்பி, பின்னால் வேலை கேட்டு வந்த 2 பேரை கடைக்காரர் திருப்பி அனுப்பி விடுகிறார். அதற்குள் வாலிபருக்கு ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை கிடைத்து விடுகிறது. ஆள் கம்பி நீட்டி விட்டார். போன் 'சுவிட்ச் ஆப்'. கடையில் கூட்டம் நெரிகிறது. வியாபாரம் பார்க்க ஆள் இல்லை.

வாலிபர் செய்தது குற்றமா?

நல்ல சம்பளத்துக்குப் போனது குற்றமே இல்லை. வீட்டு வாடகையும் தங்கச்சி படிப்பும் அவர் தலையில்தானே? முதலாளிகள் மட்டும் சொன்ன சொல் தவறாதவர்களா? 2023 பிப்ரவரியில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆண்டுக்கு 6.5 லட்சம் சம்பளம் என்று சொல்லி இளைஞர்களைக் காக்க வைத்திருந்த விப்ரோ கம்பெனி, "3.5 லட்சத்துக்கு வர சம்மதமா?" என்று கேட்டது. கம்பெனி மாறலாம், தொழிலாளி மாறக்கூடாது என்றால் அது என்ன நியாயம்?

சட்டமும் யாரையும் கட்டிப் போட்டு வேலை வாங்கச் சொல்லவில்லை. "வந்து வேலை பார்த்தே தீர வேண்டும்" என்று கோர்ட்டு உத்தரவு போடாது. ஆனால் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை மீறினால், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம்.

இதற்கு ஒரு பாங்கி வழக்கே சாட்சி. விஜயா பாங்கியில் 2007-ல் புதுப் பதவியில் சேர்ந்த அதிகாரி ஒருவர், 3 ஆண்டு முடியும் முன்பே விலகினால் 2 லட்சம் ரூபாய் தருவதாக பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். 2009-ல் வேறு பாங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டி விட்டு வழக்கும் போட்டார். கர்நாடக ஐகோர்ட்டில் ஜெயித்தார். ஆனால் 2025 மே 14-ந் தேதி, அந்த நிபந்தனை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறி விட்டது. புது ஆள் எடுக்க பாங்கிக்கு ஆகும் செலவையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக் கொண்டார்கள்.

ஆகவே வாலிபர்களே, கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தைப் படியுங்கள். மனசு மாறினால் அன்றைக்கே சொல்லி விடுங்கள்.

"அண்ணே, வேற வேலை கிடைச்சிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? கடைக்காரர் ரெண்டு வார்த்தை திட்டுவார், அவ்வளவுதான். ஆனால் திருப்பி அனுப்பிய இருவரில் ஒருவரை அன்று மாலையே கூப்பிட்டு விடுவார். உங்களுக்கு நல்ல வேலை. இன்னொரு வீட்டிலும் அடுப்பு எரியும்.

போனை அணைத்து விட்டால், அந்த வேலை யாருக்கும் இல்லாமல் போகிறது. அதுதான் குற்றம்!