கொழு ஆணிக்கு ஏற்ற குழி

இறக்கைக் கலப்பை வாங்கும்பொழுது விவசாயிகள் எஃகின் தரத்தையும் கொழுவின் கனத்தையும் விலையையும் நன்றாய் விசாரிக்கிறார்கள். ஆனால் தேய்ந்த கொழுவுக்குப் பதிலாகப் புதுக்கொழு பூட்டுங்கால், அதன் துவாரங்களைப் பட்டறையில் எக்கருவி கொண்டு அமைக்கிறார்கள் என்று கேட்பவர் மிகச் சிலரே. நடு உழவில் கொழு ஆடுவதற்கும் கழன்று விழுவதற்கும் இச்சிறு வேலையின் குறையே காரணமாகும் சமயங்கள் உண்டு. ஆகையால் இக்கருவி விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது உசிதமன்று.

கொழுவைக் கலப்பையின் உடலோடு பிணைக்கும் போல்ட்டின் தலை, அடியில் குறுகி மேலே அகன்ற கூம்பு வடிவமுள்ளது. அத்தலை கொழுவின் முகத்தோடு சமமாய்ப் படிய வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் மண் அதில் மோதி ஒட்டிக்கொள்ளும். தலையும் விரைவில் தேய்ந்துபோகும். மிஞ்சி அமிழ்ந்தாலோ, பள்ளத்தில் மண் அடைவதோடு, தலையைத் தாங்கும் இரும்பும் மெலிந்துவிடும். போல்ட் சுழலாமல் காக்கும் சதுரக் கழுத்துக்கும் பிடிப்புக் குறையும்.

பெரிய டிரில் ஒன்றைக் கொண்டே இக்குழியை வெட்டிவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. இது தவறு. சாதாரண டிரில்லின் முனைக் கோணம் 118 பாகை. மெட்ரிக் அளவுள்ள கூம்புத்தலைப் போல்ட்டுகளின் கோணமோ பொதுவாக 90 பாகை. அமெரிக்க அங்குல அளவில் செய்தவற்றில் 82 பாகை. 118 பாகைக் குழியில் 90 பாகைத் தலை அடிவிளிம்பில் மட்டுமே தொடும். 82 பாகைக் குழியில் அதே தலை மேல்விளிம்பில் மட்டுமே தொடும். இருவகையிலும் பாரம் முழுதும் ஒரு மெல்லிய கோட்டின்மீது விழுகிறது. கொழு கல்லில் இடிக்க இடிக்க அக்கோடு நசுங்கி, எவ்வளவு முடுக்கிய நட்டும் தளர்ந்துவிடும். கலப்பைப் போல்ட்டுகளில் வேறு கோணங்களும் இருப்பதால், வாங்கும்பொழுதே கோணத்தைக் கேட்டறிந்து அதற்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுப்பதே முறை.

அக்கருவி பட்டறைகளில் கவுண்டர்சிங்க் என்று வழங்கப்படும். வெட்டும் வாய்கள் பல உள்ளதைக் கைடிரில்லில் பூட்டி வேகமாய்ச் சுழற்றினால் அது அதிர்ந்து, குழியின் சுவர் அலையலையாகும். ஒரே வாயுள்ளது சிறு இயந்திரங்களுக்கு அனுகூலமானது. துவாரமிட்ட வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகமே போதும். எண்ணெய் விட்டு, தடையின்றி நிதானமாய் அழுத்த வேண்டும். 90 பாகைக் குழி 1 மில்லிமீட்டர் ஆழம் கூடினால் அதன் வாய் 2 மில்லிமீட்டர் அகலும். ஆகவே கண்மதிப்பை நம்பாமல், கொழுவை அசையாது இறுக்கி, ஆழத்தடை பொருத்திய நிலைடிரில் இயந்திரத்தில் வெட்டுவதே உத்தமம். கையில் பிடித்து வெட்டினால் கருவி சாய்ந்து குழி கோணலாகும்.

வேலையைச் சோதிப்பது எளிது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தலையின் கூம்பில் மெல்லப் பூசி, போல்ட்டைக் குழியில் அழுத்தி எடுக்க வேண்டும். கரி சுவர் முழுதும் படிந்திருந்தால் குழி சரி; ஒரு விளிம்பில் மட்டும் வளையமாய்ப் படிந்திருந்தால் கோணம் தவறு. கடினமேற்றிய கொழுவில் இவ்வேலையைத் தொடங்கலாகாது, கருவி மழுங்கும். அதனைக் காய்ச்சி மெதுவாக்கினால் கடினம் போய்விடும். அத்தகைய கொழுவைக் குழியுடனேயே வாங்க வேண்டும்.

இவையின்றியே கொல்லர்கள் தலைமுறைகளாய் வேலை செய்யவில்லையா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நாட்டுக் கலப்பையின் கொழு கட்டையோடு வளையத்தாலோ பட்டையாலோ இறுக்கப்படுவது. அதற்குக் கூம்புக்குழி தேவையில்லை. கலப்பை மாறியபின் கருவியும் மாறுவதே நியாயம். கொல்லரின் கைத்திறன் குறைந்ததல்ல. அவர் கையில் தகுந்த கருவி இல்லாததே குறை. தலையை வெல்டிங் செய்து ஒட்டிவிடுவதும் பரிகாரமாகாது. அச்சூடு கொழுவின் கடினத்தைக் கெடுக்கும். அடுத்த மாற்றத்தின்போது தலையை அறுத்தே எடுக்க நேரிடும்.

நிலைடிரில் இயந்திரத்தைத் தனித்தனியே வாங்குவது சிறு பட்டறைக்கும் ஒரு விவசாயிக்கும் பாரமாகலாம். கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் ஓர் இயந்திரமும், அவ்வூரில் வழங்கும் போல்ட்டுகளுக்கேற்ற கவுண்டர்சிங்குகளும் வாங்கி, உள்ளூர்க் கொல்லரின் பொறுப்பில் விடுவது சுலபம். கிராம அதிகாரிகள் முன்னின்றால் இது மழைக்கு முன்பே கைகூடும். மண்ணில் ஈரம் நிற்கும் நாட்கள் சிலவே; அந்நாட்களில் கலப்பை பட்டறை வாசலில் கிடப்பதால் உண்டாகும் நஷ்டம், கருவியின் விலையைக் காட்டிலும் பெரிது.