ஓ.டி.பி. வராத பிள்ளைகளுக்கும் வைஃபை வேண்டும்!



ரயில் நிலையத்துல இலவச வைஃபை இருக்குதுன்னு நம்மில் பல பேருக்குத் தெரியும். கோயம்புத்தூர் ஜங்சன்ல செல்போனைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் திட்டம் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் தொடங்கியது. ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து செய்தார்கள். 2018 ஜூன் மாதத்தில் 400 நிலையங்கள் ஆயின. 2020-இல் கூகுள் விலகிக்கொண்டது. ரெயில்டெல் விடவில்லை. இன்று 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் 'ரெயில்வயர்' என்ற பெயரில் இது கிடைக்கிறது. ஒரு நாளைக்கு முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் விநாடிக்கு 1 மெகாபிட்.

அரை மணி நேரத்துல என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 30 நிமிடம் என்பது 1,800 விநாடி. ஆகவே 1,800 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்று கணினிப் பாடத்தில் படித்தோமே, அதன்படி 225 மெகாபைட். முழு வேகம் எப்பவும் கிடைக்காது, பாதிதான் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பவும் நமக்கு வரும் ஊரகத் திறனாய்வுத் தேர்வின் பழைய வினாத்தாள்களை எல்லாம் இறக்கிவிட்டு, மணற்கேணியில் ஒரு பாடமும் பார்க்கலாம். 2018-இல் எர்ணாகுளம் சந்திப்பில் மூட்டை தூக்கும் ஒரு போர்ட்டர் அண்ணன், நிலையத்து வைஃபையில் பாடங்களைக் காதில் கேட்டுக்கொண்டே வேலை செய்து, கேரள அரசுத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். பேப்பரில் எல்லாம் வந்தது.

ஆனால் அந்த அண்ணனிடம் ஒரு செல்போன் இருந்தது. நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

பொது இடத்து வைஃபையில் சேர வேண்டுமானால் முதலில் ஒரு பக்கம் திறக்கும். அதில் செல்போன் நம்பர் போட வேண்டும். அந்த நம்பருக்கு ஓ.டி.பி. வரும். அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்!

நம்ம வகுப்பில் சொந்தமாகப் போன் வைத்திருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒருத்திகூட இல்லை. பையன்கள் அண்ணன் போனையோ சேக்காளி போனையோ வாங்கிக்கொள்கிறார்கள். நாம் கேட்டால், "உனக்கெதுக்கு போனு?" என்பார்கள். போன் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படிக்கிறதுக்கு நெட் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

போன மே மாத லீவில் பெரியப்பா மகள், கல்லூரியில் படிக்கிற அக்கா, தன் சின்ன லேப்டாப்பை எனக்குப் படிக்கக் கொடுத்திருந்தாங்க. நம்ம வரலாற்றுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, பையில் பத்து நோட்டோட ஒண்ணா அடங்கிரும். அம்மாயியோட வெளியூர் போறப்ப பஸ் மாறுகிற ஊரில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அங்கே ஓரிடத்தில் 'இலவச வைஃபை' என்று போர்டு. அம்மாயிகிட்டப் போன் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா அப்பாவோடு பேசத் தன் போனைக் கொடுத்தாங்க. "உங்க நம்பரையே போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டதற்கு மட்டும் தலையை ஆட்டி மறுத்துட்டாங்க. அது நியாயம்தான், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அப்பாவின் நம்பரைப் போட்டுவிட்டு அவருக்கு அடித்தேன். அப்பா தறிக்குடோனில் இருந்தார். சத்தத்தில் இரண்டு தரம் கேட்கவே இல்லை. மூன்றாவது தரம் எடுத்தார்.

"அப்பா, இப்ப ஒரு நம்பர் வந்திருக்குமுங்க. அதைச் சொல்லுங்க."

"அதை ஆரு கேட்டாலுஞ் சொல்லப்படாதுன்னு பேங்க்ல எழுதிப் போட்டிருக்கறாங்க கண்ணு."

"நாந்தானுங்கப்பா கேக்கறேன்!"

"நீயே கேட்டாலும் அப்படித்தான் சாமி. ஊருக்கு வா, பேசிக்கலாம்."

சிரிக்காதீர்கள். அப்பா செய்ததுதான் சரி. தெரியாத நம்பரில் இருந்து, இரைச்சலில் ஒரு பெண் குரல் ஓ.டி.பி. கேட்டால் சொல்லலாமா? ஒரு பக்கம் 'யாருக்கும் சொல்லாதே' என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இன்னொரு பக்கம் அதைச் சொன்னால்தான் வைஃபை என்றால், போன் இல்லாத பிள்ளை என்னதான் செய்யும்?

ஓ.டி.பி.யே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவர் வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியாக யாரோ அதை அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. பொது வைஃபையில் சேருகிறவர் யார் என்ற பதிவு ஓராண்டு இருக்க வேண்டும். இப்போது புரிகிறதா, அந்த அக்கா ஏன் மறுத்தாங்க என்று? என் வேலை எல்லாம் அவங்க பேரில் அல்லவா பதிவாகும்!

ஆனால் அதே உத்தரவு இரண்டு வழி சொன்னது. ஒன்று, செல்போனுக்குக் குறுஞ்செய்தி. மற்றொன்று, போட்டோ உள்ள அடையாள அட்டையின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு நுழைவு எண் கொடுப்பது. முதல் வழிதான் எங்கும் இருக்கிறது, ஆள் வைக்க வேண்டாம் பாருங்கள். இரண்டாவது வழியை நமக்காகத் திறந்தால் என்ன? நம்மிடம் போட்டோ ஒட்டிய இலவச பஸ் பாஸ் இருக்கிறது, பள்ளி அடையாள அட்டை இருக்கிறது. விசாரணை கவுண்டரில் நகலைக் கொடுத்தால், சீட்டில் ஒரு எண் எழுதித் தரட்டும். அரை மணி நேரத்துக்குத்தானே!

"இப்பத்தான் டேட்டா மலிவாச்சே, வைஃபை எதுக்கு?" என்பார்கள். கூகுள் விலகியபோதும் இதைத்தான் சொன்னது. டேட்டா மலிவுதான், போன் வைத்திருப்பவருக்கு. அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுக்க முடியாது.

'பெண் பிள்ளை பொது வைஃபையில் சேர்ந்தால் ஆபத்து' என்றும் சிலர் சொல்வார்கள். ஆபத்து ஆணுக்கும் உண்டு. யார் வேண்டுமானாலும் தன் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு 'ரெயில்வயர்' என்று பேர் வைத்துவிடலாம், அதனால் சரியான பேர் எது என்று அங்குள்ள ஊழியரிடம் கேட்டுச் சேர வேண்டும். லேப்டாப் 'பப்ளிக்கா, பிரைவேட்டா' என்று கேட்டால் 'பப்ளிக்' என்றே கொடுங்கள், பக்கத்து லேப்டாப்காரருக்கு நம்முடையது தெரியாது. முகவரியில் பூட்டுப் படம் இல்லாத தளத்தில் கடவுச்சொல் போடாதீர்கள் (பூட்டு இருந்தாலும் தளம் நல்லதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்). பேங்க் வேலை வேண்டவே வேண்டாம். முடிந்ததும் அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று கொடுத்துவிட்டால், அடுத்த தரம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. இவ்வளவுதான்! பஸ் ஏறும்போது பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்களே தவிர, பஸ்ஸிலேயே ஏறாதே என்று யாரும் சொல்வதில்லையே?

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 'பி.எம். வாணி' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பழைய எஸ்.டி.டி. பூத் மாதிரி பெட்டிக்கடை, பேக்கரிக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். நல்ல திட்டம்தான், ஆனால் அதிலும் போன் வைத்துத்தான் பதிய வேண்டியிருக்கிறது. எனவே சீட்டு முறையைத்தான் கேட்க வேண்டும்.

கோயம்புத்தூர் ஜங்சன், 2007-இல் உருவான சேலம் ரயில்வே கோட்டத்தில் வருகிறது. அங்குள்ள கோட்ட மேலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். தமிழாசிரியை அவர்கள் பிழை திருத்தித் தந்துவிட்டார்கள். கையெழுத்துப் போட விரும்புகிறவர்களுக்காக இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். பேனா நூலில் கட்டியிருக்கிறது, தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி