ஒப்புகைச் சீட்டை எண்ணத் தயக்கம் ஏன்?

2021-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் ஐயம்பேட்டை வாக்காளர்கள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு விதமாக ஓட்டுப் போட்டார்கள். ஏப்ரல் 6-ஆம் தேதி சட்டமன்றத் தேர்தலில் இயந்திரத்தின் நீலப் பொத்தானை அழுத்தினார்கள். அக்டோபரில் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு பதவிகளுக்கு நான்கு நிறத்தில் வாக்குச்சீட்டு வாங்கி, முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டார்கள்.

இதில் எது மேல் என்ற சண்டை ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வருகிறது. தோற்ற கட்சி இயந்திரத்தைக் குறை சொல்கிறது. அடுத்த முறை வென்றதும் பேச்சை நிறுத்திக்கொள்கிறது. 2001-ல் தமிழகம் முழுவதற்கும் இயந்திரம் வந்தபோது அதிமுக அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு தள்ளுபடியானது. அந்தத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்ததும் அதிமுகதான். கட்சிகளின் கணக்கை ஒதுக்கிவிட்டு ஓட்டுப் போடுகிறவர் பக்கம் நின்றே இந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டும். இயந்திரம் நீடிக்கட்டும் என்பதே நம் நிலைப்பாடு. ஆனால், அது மூடி வைத்திருக்கும் எண்ணிக்கையைத் திறந்தாக வேண்டும். அது ஊரறியக் காட்டிவிடும் தெருவின் ரகசியத்தை மூடியாக வேண்டும்.

காகிதச் சீட்டுக் காலத்தை இன்று ஏங்கிப் பேசுகிறவர்கள், செல்லாத ஓட்டுகளை மறந்துவிடுகிறார்கள். முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவே கோட்டின் மேல் விழும். மை காய்வதற்குள் சீட்டைக் குறுக்கே மடித்தால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு கறை ஒட்டிக்கொள்ளும். எந்தச் சின்னத்துக்குப் போட்ட ஓட்டு என்று மேசையைச் சுற்றி முகவர்கள் மல்லுக்கட்டுவார்கள். கண் மங்கிய பெரியவர்களின் ஓட்டுதான் இப்படிப் பெரும்பாலும் பாழாகும். 1996-ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே ஆனது. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்ற தேர்தலை இயந்திரத்திலேயே நடத்த முடிந்தது. சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுகளைக் கட்டுக்கட்டாகக் குத்தித் தள்ளிய கும்பல்களுக்கும் இயந்திரம் தடை போட்டது. நிமிடத்துக்கு நான்கு ஓட்டுக்கு மேல் அது ஏற்காது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதன் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர் எழுத்தாளர் சுஜாதா. தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம் அது.

ஆனால் அழுத்திய ஓட்டு எண்ணப்பட்டதா என்பதை யார் பார்த்தார்கள்? பட்டும் ஜரிகையும் நிறுத்து வாங்கிப் போகும் நெசவாளி, நெய்த சேலையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்கிறார். எடை சரியாக இருக்கிறது, நம்புங்கள் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த நியாயமான எதிர்பார்ப்பை ஏற்றுத்தான் 2013-ல் உச்ச நீதிமன்றம், போட்ட ஓட்டைக் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டு அவசியம் என்றது. 2014-ல் மத்திய சென்னை உள்ளிட்ட சில தொகுதிகளிலும், 2019-ல் நாடு முழுவதும் அந்தச் சீட்டை அச்சிடும் இயந்திரம் வந்தது. ஏழு நொடி கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு தெரிகிறது. பிறகு பெட்டிக்குள் விழுகிறது. விழுந்த சீட்டுகளில் மிகப் பெரும்பாலானவை எண்ணப்படாமலே போகின்றன.

நம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவை சொல்லும் குடவோலைத் தேர்தலைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அதன் நடைமுறையை ஊன்றிப் படிப்பவர்கள் குறைவு. ஓலைகள் இட்ட குடத்தை எல்லோரும் பார்க்கும்படி ஒருவர் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அவர் வாசித்த பிறகு அங்குள்ள மற்றவர்களும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அந்தச் சபையில் நெசவாளிக்கும் உழவனுக்கும் பெண்ணுக்கும் இடமில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விரல்களுக்கிடையே இன்னொரு ஓலையை ஒளிக்க வழியிருக்கக் கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். 2009-ல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம், தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனால் சரிபார்க்க முடியாத வாக்கு இயந்திரம் செல்லாது என்று தீர்ப்பளித்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

இங்கே ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை மட்டும், அதுவும் குலுக்கலில் தேர்ந்தெடுத்து எண்ணுகிறார்கள். தமிழகத்தின் 234 தொகுதிகளுக்கும் சேர்த்து 1,170 சாவடிகள். 2024 மக்களவைத் தேர்தலில் இருந்த சாவடிகளோ 68,000-க்கும் மேல். நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. ஒரு லட்சம் வித்தியாசத்தில் வென்ற தொகுதிக்கு ஐந்து போதும் என்று வைத்துக்கொள்ளலாம். 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு. 2016-ல் ராதாபுரத்தில் 49. ராதாபுரம் வழக்கில் உயர் நீதிமன்றம் மீண்டும் எண்ணச் சொன்ன தபால் ஓட்டுகள் காகிதமாகக் கையில் இருந்தன.

2024 ஏப்ரல் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லாச் சீட்டுகளையும் எண்ணும் கோரிக்கையை நிராகரித்தது. அதுவரை நான்கு கோடிக்கு மேல் சீட்டுகள் சரிபார்க்கப்பட்டு, ஒரே ஒரு சாவடியில்தான் வேறுபாடு வந்தது, அதுவும் மாதிரி வாக்குப்பதிவை அழிக்காமல் விட்டதால் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. அதை நாம் நம்புகிறோம். இவ்வளவு நல்ல பெயர் எடுத்த இயந்திரத்தைக் கூடுதலாகச் சோதிப்பதில் ஆணையத்துக்கு என்ன தயக்கம்? பாதிச் சாவடிகளை எண்ணினால் முடிவு ஐந்தாறு நாள் தாமதமாகும் என்று 2019-ல் காரணம் சொன்னார்கள். 2024-ல் ஏப்ரல் 19-ஆம் தேதி பதிவான நம் ஓட்டுகள் ஜூன் 4 வரை, 46 நாள், அறைக்குள் காத்திருந்தன. இன்னும் சில நாள் காத்திருப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சீட்டு தவறாகத் தெரிந்தது என்று சாவடியிலேயே புகார் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க முடியாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்ற எச்சரிக்கையோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கூலி நெசவாளி யார் அதற்குத் துணிவார்? 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளின் 93-ஆம் விதியைத் திருத்தி, சாவடிக் கேமரா பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெற முடியாமல் செய்ததும் கதவை மூடும் வேலைதான்.

திறந்திருக்க வேண்டியதன் கதை இது. மூடியிருக்க வேண்டியதோ திறந்து கிடக்கிறது. ஐயம்பேட்டை போன்ற ஊரில் எந்தத் தெரு எந்தச் சாவடி என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கை சாவடிவாரியாக நடந்து, சாவடிவாரியாகவே வெளியாகிறது. மறுநாளே இந்தத் தெரு நமக்குப் போடவில்லை என்ற பேச்சு கிளம்புகிறது. குடிநீர்க் குழாயும் தார்ச்சாலையும் அந்தக் கணக்கில் வந்துவிடுமோ என்று மக்கள் அஞ்ச வேண்டியிருக்கிறது. காகிதச் சீட்டாக இருந்தபோது பல பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரத்திலும் 14 சாவடிகளின் ஓட்டுகளைச் சேர்த்தே கூட்டிச் சொல்லும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையமே 2008-ல் முன்மொழிந்தது. 2015-ல் சட்ட ஆணையமும் அதை ஆதரித்தது. மத்திய அரசுதான் ஏற்கவில்லை. சாவடி விவரம் கட்சிகளுக்குப் பயன்படுகிறது என்பதற்காக வாக்காளரின் ரகசியத்தைப் பலி கொடுப்பதை ஏற்க முடியாது.

இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும். 14 சாவடிகளை ஒரு தொகுப்பாக எடுத்து, அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளைக் கலந்து கையால் எண்ணி, கருவி காட்டும் கூட்டுத்தொகையோடு ஒப்பிடலாம். எண்ணிக்கையும் சரிபார்க்கப்படும், தெருவும் வெளியே தெரியாது. வெற்றி வித்தியாசம் குறையக் குறைய எண்ண வேண்டிய தொகுப்புகள் கூட வேண்டும். மிக நெருக்கமான தொகுதிகளில் அத்தனை சீட்டுகளையும் எண்ண வேண்டும். அதற்கான செலவை வேட்பாளர் தலையில் கட்டக் கூடாது. புகார் சொல்கிறவரை மிரட்டும் தண்டனையை நீக்க வேண்டும். இவற்றுக்குத் தேர்தல் நடத்தை விதிகளில் திருத்தம் வேண்டும். காஞ்சிபுரம் தொகுதியின் மக்களவை உறுப்பினரும் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும், எந்தக் கட்சியினராக இருந்தாலும், இந்தக் கோரிக்கையை முன்வைக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பொத்தானை அழுத்தியதும் வெளியே வந்துவிடாமல், கண்ணாடியில் ஏழு நொடி உங்கள் சின்னத்தைப் பாருங்கள். சாவடி முகவராக உட்காருகிறவர்கள், பதிவான மொத்த ஓட்டுகளைக் குறிக்கும் படிவம் 17சி-யின் நகலைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.