வயிற்றை வெட்டினவரிடம் பட்டினியை விற்காதீர்கள்

"வயித்தை வெட்டியும் உனக்குக் குறையேல்லையோ?"

இந்தக் கேள்வியை எங்கட ஆக்கள் கலியாண வீட்டிலும் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள். எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை செய்த ஒருவர் முதல் வருடத்தில் முப்பது கிலோ குறைந்தபோது "ஆளே மாறிட்டாய்" என்று தோளில் கைபோட்டுப் படம் எடுத்தவர்கள்தான், மூன்றாம் வருடத்தில் ஐந்து கிலோ திரும்ப ஏறியதும் இப்படிக் கேட்பது. கேள்விக்குப் பின்னாலேயே ஒரு வட்ஸ்அப் இலக்கமும் வரும். "இவவோட ஒருக்காக் கதைச்சுப் பார். 21 நாளில பத்துக் கிலோ இறக்கி விடுறா."

நாங்கள் இதை எழுதுவது அந்த இலக்கத்துக்கு எதிராக. ஜூஸ் டயட், கீட்டோ, தண்ணீர் விரதம், டீடொக்ஸ், ஐந்து நாளில் இரைப்பையை 'ரீசெட்' பண்ணும் திட்டம் என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும் இந்தச் சரக்கு, சத்திரசிகிச்சை செய்த உடம்புக்குப் பிரயோசனம் இல்லாதது, அதோடு ஆபத்தானதும்கூட. ஏற்கெனவே வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் வெட்கத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

முதலில் அந்தச் சத்திரசிகிச்சை என்ன செய்கிறது என்று பார்ப்போம். அதிகம் செய்யப்படுவது இரண்டு வகை. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கு வெட்டி அகற்றப்படும்; மிஞ்சுவது வாழைப்பழம்போல ஒரு ஒடுங்கிய குழாய். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேற்பகுதி ஒரு சின்னப் பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழே ஓரிடத்தில் நேரடியாக இணைக்கப்படும். சாப்பாடு குடலின் முதற்பகுதியைத் தொடாமலே போகும். இடம் குறைவது இதில் பாதிக் கதைதான். ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகம் சுரக்கிறது. இரண்டு முறைகளிலுமே, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் ஹோர்மோன்கள் கூடுகின்றன. பலருக்குக் கனக்கக் கிலோ குறையும் முன்பே சீனி வருத்தம் கட்டுக்குள் வரத் தொடங்குவது இதனால்தான். "சோம்பேறிகளின் குறுக்கு வழி" என்று இதைச் சொல்பவர்கள், ஒரு நோய்க்கான வைத்தியத்தை ஒழுக்கப் பரீட்சையாக மாற்றுகிறார்கள்.

சரி, பிறகு ஏன் எடை நிற்கிறது? ஏன் கொஞ்சம் திரும்புகிறது?

ஏனென்றால் உடம்பு தன் எடையைக் காப்பாற்றப் பார்க்கும். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாங்களாக முன்வந்த 36 ஆண்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்களின் உடல் செலவழிக்கும் சக்தி நன்றாகக் குறைந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் எல்லாரும் ஆரோக்கியமான இளைஞர்கள், மனவுறுதிக்குக் குறைவில்லாதவர்கள். 2016-ல் கெவின் ஹோல் குழு வெளியிட்ட ஆய்வு, 'த பிகெஸ்ட் லூசர்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் பங்குபற்றிய 14 பேரை ஆறு வருடங்களுக்குப் பிறகு அளந்தது. பெரும்பாலானோருக்கு எடை திரும்பியிருந்தது. அதைவிட முக்கியம், அவர்களின் உடல் ஓய்வில் எரிக்கும் சக்தி, எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி அளவு குறைவாகவே இருந்தது. உலகமே பார்க்க வேர்வை சிந்தினவர்களின் நிலைமை இது.

சத்திரசிகிச்சை இந்த எதிர்ப்பை நன்றாகத் தணிக்கிறது, முழுதாக அழிப்பதில்லை. சுவீடனில் 1987-ல் தொடங்கி 4000-க்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் எடை ஆகக் கீழே போகிறது. பிறகு மெல்ல ஏறி, எட்டுப் பத்து வருடத்தில் ஓரிடத்தில் நிற்கிறது. பைபாஸ் செய்தவர்கள் பத்தாம் வருடத்தில் தொடக்க எடையைவிடச் சராசரியாக 25 சதவீதம் குறைவாக இருந்தார்கள். அப்போதிருந்த மற்ற முறைகளில் அது 14-16 சதவீதம். இப்படிக் கொஞ்சம் திரும்ப ஏறியும்கூட, சத்திரசிகிச்சை செய்த குழுவில் இறப்பு குறைவாகவே இருந்தது. அதாவது, மூன்றாம் வருடத்தில் ஏறும் அந்த ஐந்து கிலோ பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

ஆனால் எங்களுக்குக் காட்டப்படுவது வேறு. 'முன்–பின்' படங்களைக் கவனித்துப் பாருங்கள். அந்தப் 'பின்' படம் எப்போது எடுக்கப்படுகிறது? பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம். எடை ஆகக் கீழே இருக்கும் நேரம். ஏழாம் வருடத்துப் படத்தை ஆரும் போடுவதில்லை. ஒரு நீண்ட கோட்டின் ஆகத் தாழ்ந்த புள்ளியை மட்டும் பிடித்து "இதுதான் வெற்றி" என்று சட்டம் போட்டு மாட்டிவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு நாளும் தோல்வியாகத்தான் தெரியும். அந்தத் தோல்வி உணர்வுதான் அடுத்த வியாபாரியின் முதல்.

இனிச் சரக்குக்கு வருவோம்.

ஐந்து நாள் 'ரீசெட்' திட்டத்தை எடுங்கள். முதல் இரண்டு நாள் நீராகாரம், பிறகு மென்மையான புரதம், பிறகு கடினமானது. முடிவில் இரைப்பைப் பை பழையபடி சுருங்கிவிடுமாம். ஐந்து நாள் சூப் குடித்தால் இரைப்பை சுருங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் தராசில் இரண்டு கிலோ குறையத்தான் செய்யும். எப்படி? உடம்பு மாச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறது. மாச்சத்தை நிறுத்தினால் அது கரையும், தண்ணீர் வெளியேறும், தராசு சந்தோசப்படும். ஆறாம் நாள் இரண்டு இடியப்பம் சாப்பிட்டால் தண்ணீர் திரும்பி வரும். உடனே "நீங்கள்தான் ஒழுங்காச் செய்யேல்லை" என்று பதில் வரும். குறைந்தால் திட்டத்தின் வெற்றி, ஏறினால் உங்கள் பிழை. இப்படி எந்தப் பக்கமும் தோற்காத வியாபாரம் வேறெங்கே இருக்கிறது?

அடுத்தது மாத்திரைகள். 'கார்சினியா கம்போஜியா' என்று போத்தலில் அடைத்து விற்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, எங்கட மீன் குழம்பில் போடும் கொறக்காதான். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வில் 135 பேர் 12 வாரம் பங்குபற்றினார்கள். அதன் சாறு கொடுக்கப்பட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அது கலந்த மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போட்டால் ருசி. போத்தலில் போட்டால் பேய்க்காட்டு.

கீட்டோவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1921-ல் மேயோ கிளினிக்கில், வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக அதற்குப் பெயர் வைக்கப்பட்டது. இன்றும் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பிள்ளைகளுக்கு, வைத்தியரும் போசணை ஆலோசகரும் அளந்து கொடுக்கும் உணவு அது. அதை ஒரு பி.டி.எஃப். கோப்பாக மாற்றி, யாருடைய இரத்தப் பரிசோதனையும் பார்க்காமல், நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதற்குப் பெயர் வைத்தியமா?

"பட்டினி கிடந்தால் என்ன, ரெண்டு நாள் தானே" என்பவர்கள் இனி வருவதைக் கவனமாக வாசிக்க வேண்டும். இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார். பைபாஸ் செய்தவருக்கு அந்தக் கொஞ்சத்திலும் இரும்பும் கல்சியமும் பி12-ம் சரியாக உறிஞ்சப்படாது. அதனால்தான் வாழ்நாள் முழுக்க விற்றமின் எடுக்கச் சொல்கிறார்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டால் கரைவது கொழுப்போடு சேர்ந்து தசையும்தான். ஒரு குவளை வெள்ளரிச் சாற்றில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிராம் புரதம். கணக்கை நீங்களே பாருங்கள்.

இதைவிடப் பயங்கரமானது தயமின் எனப்படும் பி1. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று கிழமைக்குத்தான் காணும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சத்தி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், அல்லது ஜூஸில் மட்டும் நாளைக் கடத்தும் ஒருவர், அதை வேகமாக இழக்கலாம். கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, மனக்குழப்பம் என்று வரும். உடனே கவனிக்காவிட்டால் நிரந்தரமாகிவிடும். தீட்டிய அரிசியை மட்டும் நம்பியிருந்த ஆசிய மக்களைப் பழைய காலத்தில் முடக்கிய பெரிபெரி நோய்தான் இது. அந்தப் பெயர் சிங்களத்திலிருந்து போனதாகச் சொல்வார்கள்: 'ஏலாது, ஏலாது' என்று அர்த்தம். வறுமை கொண்டுவந்த நோயை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவர் திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்து எடுப்பவர் கீட்டோவிலோ விரதத்திலோ இறங்கினால், இரத்தச் சீனி பெரிதாக ஏறாமலே உடம்பில் அமிலம் கூடி உயிராபத்து வரலாம். வட்ஸ்அப் குழுவில் சேர்க்கும்போது "என்ன மருந்து பாவிக்கிறீங்கள்?" என்று ஆராவது கேட்டார்களா?

"ஆனால் எனக்கு வேலை செய்ததே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். சாப்பாட்டைக் குறைத்தால் கொஞ்சக் காலம் எடை குறையும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. நாங்கள் கேட்பது மூன்று: எத்தனை மாதத்துக்கு? எதை இழந்து? பிழைத்துப்போனால் ஆர் பொறுப்பு? மாச்சத்தைக் குறைத்த உணவை ஒரு போசணை ஆலோசகர் ஒருவரின் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துத் திட்டமிட்டுக் கொடுத்தால் அது சிகிச்சை. அந்த மூன்று கேள்விக்கும் அங்கே பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார்.

அதே மூச்சில் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். இந்த வியாபாரிகளுக்கு இடம் கொடுத்தது வைத்தியத் துறையும்தான். நகையை அடகு வைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கு வீட்டுக்குப் போகும்போது என்ன கொடுக்கிறார்கள்? எங்கள் கையில் கிடைத்த ஒரு தாள் முழுக்க ஆங்கிலம். அதில் வான்கோழி இறைச்சியும் கிரேக்கத் தயிரும் இருந்தன. புட்டும் சொதியும் முட்டையும் சூடை மீனும் இல்லை. அந்தத் தாளை மடித்து வைத்தவர், தமிழில் கதைக்கிற வட்ஸ்அப் அக்காவிடம் போகாமல் வேறெங்கே போவார்? வெட்டித் தைப்பதற்குப் பக்கேஜ் போட்டு விற்கத் தெரிந்தவர்களுக்கு, ஐந்தாம் வருடத்தில் அந்த ஆளைக் கூப்பிட்டு "எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்கத் தெரியாதா?

வீட்டாருக்கும் பங்கு உண்டு. குறிப்பாகப் பெண்பிள்ளைகள் விசயத்தில். "இன்னும் பத்துக் கிலோ குறைஞ்சால் சம்மந்தம் பொருந்தும்" என்று சொல்லும் வாய், அவளின் பி12 அளவைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. மூச்சு வாங்காமல் படி ஏறுகிறாளா, மருந்து குறைந்திருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் வருவதேயில்லை.

எடை நின்றுவிட்டது, அல்லது ஏறுகிறது என்றால் செய்யக்கூடியவை உண்டு. சத்திரசிகிச்சை செய்த குழுவிடமோ கிட்டவுள்ள அரச வைத்தியசாலைக் கிளினிக்கிலோ போய் இரும்பு, பி12, விற்றமின் டி, தைரொயிட், சீனி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீரொயிட், இன்சுலின், சில மனநோய் மருந்துகள் எடையை ஏற்றக்கூடியவை. தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள். சீனி போட்ட தேத்தண்ணி, ஐஸ்கிறீம், பிஸ்கட் எல்லாம் சின்ன வயிற்றிலும் தடையில்லாமல் வழுக்கிப் போகும். கவனிக்க வேண்டிய இடம் அதுதான். தட்டில் முதலில் புரதம். இரண்டு முட்டையில் 12 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20-க்கு மேல், சமைத்த பருப்பு 100 கிராமில் எட்டொன்பது. பின்னேரம் கொஞ்சம் கடலை, ஒரு கப் தயிர். இதற்கு வெளிநாட்டுத் தூள் டப்பா தேவையில்லை. தசையைக் காக்கப் பாரம் தூக்கும் பயிற்சி. தேவைப்பட்டால் எண்டொஸ்கொப்பி செய்து இரைப்பையைப் பார்க்கலாம். செமாகுளூட்டைட் போன்ற மருந்துகளும் இன்று இருக்கின்றன. ஆனால் அது வைத்தியர் எழுதவேண்டிய மருந்து, இணையத்தில் வாங்கும் ஊசி கிடையாது.

இதையெல்லாம் செய்தும் எடை அந்த இடத்திலேயே நிற்கலாம். அப்போது கேட்கவேண்டியது வேறு: சீனி, பிறஷர், நித்திரை, நடை எல்லாம் முன்பைவிட நன்றாக இருக்கிறதா? இருக்கிறது என்றால் அந்தக் கடைசிப் பத்துக் கிலோ ஆருக்காகக் குறையவேண்டும்?

எங்கள் கோரிக்கை எளிமையானது. சத்திரசிகிச்சை செய்யும் ஒவ்வொரு இடமும், வாழ்நாள் தொடர்கவனிப்பையும் தமிழிலும் சிங்களத்திலும் எங்கட சாப்பாட்டை வைத்து எழுதிய உணவுத் தாளையும் சிகிச்சையின் பகுதியாகவே கொடுக்கவேண்டும். இரத்தப் பரிசோதனை பார்க்காமல் பட்டினியை விற்பவர்களின் இலக்கத்தை நாங்கள் ஆருக்கும் அனுப்பக்கூடாது. உங்கட தொலைபேசியில் இப்போதும் அப்படி ஒரு குழு இருந்தால், வெளியேறும் முன் அதில் ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிட்டு வாருங்கள்: "இங்க ஆருக்காவது வயித்தில சத்திரசிகிச்சை செய்திருக்கா எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"