பாசி தெரியும், கடல் தெரியாது

பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் கரைகளில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் மரிக்கொழுந்தை வேரோடு பிடுங்குவதில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, நுனியைக் கிள்ளுகிறார்கள். அடி இருந்தால்தான் அடுத்த முறை பாசி இருக்கும். மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். நாம் இதை ‘அனுபவம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அறிவு என்று சொல்ல வாய் வருவதில்லை.

இதே கரையில் பட்டம் பெற்ற அறிவு என்ன செய்தது? கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி மண்டபத்தில் ஆய்வுக்காக வளர்க்கப்பட்டது. 2000ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் இறங்கியதும் வணிகச் சாகுபடிக்கு வந்தது. மக்கள் அதற்கு ‘பெப்சி பாசி’ என்றே பெயர் வைத்தார்கள். எத்தனை நாளில் எவ்வளவு வளரும், அதிலிருந்து எவ்வளவு கராஜீனன் எடுக்கலாம் என்பதெல்லாம் கணக்காகத் தெரிந்திருந்தது. கயிற்றிலிருந்து அறுந்த துண்டு பவளத்தின் மேல் போய் ஒட்டினால்? இந்தக் கடலில் அது தானாகப் பரவாது என்றார்கள். 1970களில் ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் விடப்பட்ட இதே வகைப் பாசி பவளங்களை மூடிப் படர்ந்த அனுபவம் உலகத்தின் முன் இருந்தது. 2008இல், குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களை அது மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

அந்தச் சாகுபடியில் பல பெண்களுக்கு வருமானம் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் காற்று எப்போது திரும்பும், அறுந்த பாசி எங்கே ஒதுங்கும் என்று அறிந்தவர்களுக்குக் கயிறு கட்டும் வேலையில்தான் இடம் கிடைத்தது. எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்த அடுக்கில் எழுதும் கை மேலே, நனையும் கை கீழே. கோப்பு எழுதுபவருக்குக் கடல்தரை புரிவதில்லை. கடல்தரை புரிந்தவருக்குக் கோப்பு எட்டுவதில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு, அந்தப் பக்கம் போகும் பெண்கள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பல்கலைக்கழக ஆய்வேடுகளில் அவர்கள் ‘தகவலாளிகள்’. நன்றியுரையில் ஒரு வரி வரும், பெரும்பாலும் பெயர் வராது.

2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கடற்பாசிப் பூங்காவும் இராமநாதபுரம் மாவட்டக் கரைக்குத்தான் வருகிறது. எந்தப் பாசி, எந்தக் கரையில், எந்த மாதம் என்று தீர்மானிக்கும் குழுவில் பாசி எடுக்கும் பெண்களின் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தோடு.